தூசி எங்கே தப்புகிறது? தச்சுப் பட்டறையின் வட்டவாளும் நம் இளைஞர்களின் மூச்சும்

ஊவா மலைச்சரிவுகளில் வீடு என்பது இன்று வெறும் தேவை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும் ஆகிவிட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். அறிவித்ததற்கும் கட்டி முடித்ததற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே நாம் சொல்ல வருவது வேறொன்று.

ஒரு வீடு கட்டினால் கதவு வேண்டும், ஜன்னல் வேண்டும், அலுமாரி வேண்டும், கட்டில் வேண்டும். முன்பு இவையெல்லாம் பண்டாரவளைக் கடைகளில் இருந்தோ, தளபாடத்துக்குப் பேர்போன மொறட்டுவையில் இருந்தோ வந்தன. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சி பெற்றுத் தாமே தச்சு வேலை செய்கிறார்கள். கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் தவிர வேறு பிழைப்பில்லை என்றிருந்த நிலை மாறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இந்தத் தொழில் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். லயத்து இஸ்தோப்பில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலில், மழைக்கு மூடிய கதவுக்குள் நடக்கிறது. அறுக்கிறவர் ஒருவர்; அந்தத் தூசியைச் சுவாசிப்பது குடும்பம் முழுவதும்.

சட்டத்தின் மேல் ஓடும் வாள்

கையால் பிடித்து அறுக்கும் வட்டவாளை ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தின் மேல் ஓடவிட்டு, கோணல் இல்லாமல் அறுக்கும் இயந்திரம் ஒன்று இப்போது நம் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. கடைக்காரர்கள் இதை 'ட்ரெக் சோ' என்பார்கள். 1960களில் ஜெர்மனியின் பெஸ்டோ நிறுவனம் இத்தகைய வழிச்சட்டத்தை அறிமுகப்படுத்தியது. இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பெரிய அறுப்பு மேசை வைக்க இடமில்லாதவருக்கு இது உண்மையில் ஒரு வரப்பிரசாதம். எட்டடிப் பலகையைத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை. பலகையை நிலத்தில் கிடத்திச் சட்டத்தை அதன் மேல் வைத்து அறுக்கலாம்.

இந்த வாளின் இன்னொரு நன்மை, அதன் பிளேட் முழுவதும் ஓர் உறைக்குள் இருப்பது. உறையின் பின்புறம் ஒரு தூசி வாய் இருக்கும். அதில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை மாட்டினால் தூளில் பெரும்பகுதி பைக்குள் போய்விட வேண்டும். விற்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பட்டறையில் நடப்பது பல நேரம் வேறாக இருக்கிறது. "மெசின் சத்தம் நல்லாத்தாங்க பாஸ் இருக்கு, இழுக்கத்தான் மாட்டேங்குது" என்று பயிலும் பிள்ளைகள் முறையிடுவார்கள். உடனே உறிஞ்சி சரியில்லை, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கடன் வாங்கிப் புதிது வாங்கியும் தூசி அப்படியே பறக்கும். காரணம், பெரும்பாலும் குறை இயந்திரத்தின் பலத்தில் இல்லை. காற்று போகும் பாதையில் எங்கோ ஓர் அடைப்போ ஓட்டையோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை போதும்.

ஏன் இவ்வளவு கவலை?

மரத்தூள்தானே, நம் முன்னோர் எல்லாம் அதில்தானே வாழ்ந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. முன்னோர் கைவாளால் அறுத்தார்கள். அதில் விழுந்தது பெருந்தூள். காலடியில் விழுந்து கிடந்தது. இந்த இயந்திரத்தின் பிளேட் நிமிடத்துக்கு 5,000 தடவை வரை சுற்றுகிறது. 160 மி.மீ. பிளேட்டின் பல்முனை அப்போது மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் மரம் மாவாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, இருமலில், சளியில் வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் இறங்கும்.

இங்கிலாந்தின் ஹை வைகொம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தளபாடத் தொழிலாளருக்கு மூக்கின் உட்பகுதியில் ஒரு வகை அரிய புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். 1968இல் அது ஆய்வாக வெளிவந்தது. நோய் தெரிந்தது வேலையில் சேர்ந்து பல பத்தாண்டுகள் கழித்து என்பதுதான் அதில் கொடிய செய்தி. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்தது. ஆஸ்துமா, நீண்ட நாள் இருமல், தோல் அரிப்பு ஆகியவை அதற்கு முன்னரே வரக்கூடியவை. முதிரை மரத்தூள் பட்டால் பலருக்குத் தோல் அரிப்பும் தடிப்பும் வரும் என்பது தச்சர்களுக்குத் தெரிந்ததே. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரமும் சிலருக்கு அதே தொல்லையைத் தரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மி.மீ. தடிப்புள்ள எட்டடிப் பலகையை 2.2 மி.மீ. அகல வெட்டில் ஒருமுறை அறுத்தால் ஏறத்தாழ 65 கிராம் தூள் உண்டாகும். கொட்டில் 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே 50 கன மீற்றர் காற்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் வன்மரத் தூசிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கன மீற்றருக்கு 2 மில்லிகிராம். ஆகவே அந்த ஒரே வெட்டின் தூளில் ஆயிரத்தில் இரண்டு பங்கு காற்றில் மிதந்தாலே எல்லை தாண்டிவிடும். "முக்கால்வாசி தூளைப் பிடித்துவிட்டேன்" என்று திருப்திப்பட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

தூசி விழும் இடமே குறையைச் சொல்லும்

முதலில் ஒரு பழைய பலகையை அறுத்துவிட்டு இயந்திரங்களை நிறுத்துங்கள். எதையும் கூட்டித் துடைக்காமல், தூசி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது இது.

1. வெட்டின் இருபுறமும், சட்டத்தின் மேலும் எங்கும் தூள் பரவியிருந்தால் உறிஞ்சும் பலம் வாளை வந்தடையவில்லை. பை, பில்டர், குழாய், தூசி வாய் ஆகியவற்றில் ஒன்றில் குறை.

2. பலகையின் ஓரத்தைச் சீவும்போது மட்டும் தூள் பறந்தால் குறை இயந்திரத்தில் இல்லை, அறுக்கும் முறையில் இருக்கிறது.

3. பலகைக்கு அடியில், நிலத்தில் தூள் குவிந்திருந்தால் பிளேட் தேவைக்கு மேல் கீழே இறக்கப்பட்டிருக்கிறது, அல்லது அடியில் தாங்கு பலகை இல்லை.

4. வாளைச் சுற்றிச் சுத்தமாக இருந்தும், மறுநாள் காலையில் தட்டுகளின் மேல் மெல்லிய மாவு படிந்திருந்தால் உறிஞ்சியின் பில்டர் நுண்தூசியைப் பிடிக்காமல் திரும்ப வெளியே ஊதுகிறது. இதுவே மிக ஆபத்தானது. கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத் தெரிவதால் யாரும் முகமூடி போடமாட்டார்கள்.

உள்ளங்கைச் சோதனை

அடுத்து, வாளின் பிளக்கைக் கழற்றிவிட்டு உறிஞ்சியை மட்டும் ஓடவிடுங்கள். குழாயின் நுனியை உள்ளங்கையால் மூடுங்கள். உறிஞ்சியின் சத்தம் உடனே கூர்மையாக ஏற வேண்டும். கை வலுவாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நடந்தால் அதுவரை பாதை சரி. சத்தம் மாறவில்லை என்றால் இடையில் எங்கோ ஓட்டை. காற்று குறுக்கு வழியில் நுழைகிறது. குழாய் திறந்திருக்கும்போதே சத்தம் கூர்மையாக இருந்தால் ஏற்கெனவே அடைப்பு இருக்கிறது.

இதே சோதனையை மூன்று இடங்களில் செய்யலாம். குழாயைக் கழற்றி உறிஞ்சியின் வாயிலேயே கையை வைத்துப் பார்ப்பது முதலாவது. குழாயின் நுனியில் வைப்பது இரண்டாவது. குழாயை வாளில் மாட்டி, பிளேட்டைக் கழற்றிவிட்டு, வாளின் அடித்தட்டில் பிளேட் இறங்கும் பிளவை மூடிப் பார்ப்பது மூன்றாவது. எந்த இடத்தில் இழுப்பு குறைகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில் குறை இருக்கிறது.

பையிலிருந்து பிளேட் வரை

பை. பலர் பை நிறைந்து வழியும்வரை மாற்றுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்ற வேண்டும். விலை கூடியது என்று பையே இல்லாமல் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் மரமாவு நேராகப் பில்டரில் அப்பிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் இழுப்பு குறைந்துவிடும்.

பில்டர். வெளியே எடுத்துச் சென்று, காற்று நமக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்று, முகமூடி அணிந்து மெதுவாகத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கொட்டிலுக்குள் கம்பிரசர் காற்றால் ஊதக்கூடாது. பிடித்து வைத்த நுண்தூசியை நாமே திறந்துவிடுவதாக அது முடியும். கிழிந்த பில்டரை ஒட்டிப் பாவிப்பதும் வீண்.

குழாய். சிக்கனம் கருதி வீட்டு உபயோகத்துக்கான மெல்லிய குழாயை மாட்டுகிறோம். குழாயின் விட்டம் சிறிது குறைந்தாலும் அதில் செல்லும் காற்று பெருமளவு குறையும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே நீளம், ஒரே இழுப்பு என்றால் 27 மி.மீ. குழாயில் செல்லும் காற்று, 36 மி.மீ. குழாயில் செல்வதில் ஏறத்தாழப் பாதிதான். எனவே வாளின் வாய் எவ்வளவு அகலமோ அதற்கு ஒத்த குழாயைப் பாவிப்பது நல்லது. நீளமும் தேவைக்கு மேல் வேண்டாம். மூன்று, மூன்றரை மீற்றர் போதும். இணைப்பு தளர்ந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இறுக மாட்டுங்கள். இதைவிட மலிவான பரிகாரம் இல்லை.

குழாயைத் தரையில் இழுபட விடாமல் முகட்டு மரத்திலிருந்து ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள். தரையில் கிடக்கும் குழாய் சட்டத்தின் முனையில் மாட்டி வாளைச் சற்றுத் தூக்கும். அந்த மயிரிழை இடைவெளி தூசிக்குப் போதும். வெட்டும் கெடும், வாளும் பின்னோக்கித் துள்ளக்கூடும்.

தூசி வாய். பைன் மரம் அறுப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஊவா மலைகளில் நடப்பட்ட பைன் மரங்கள் பலகையாக வருகின்றன. அதன் பிசின் உறையின் உட்புறத்தில் ஒட்டும். நீளமான சிராய் ஒன்று தூசி வாயின் வளைவில் குறுக்காக நின்றுவிட்டால் அதன் மேல் தூள் கட்டிவிடும். எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழைக் காலத்தில் சரியாகக் காயாத மரத்தை அறுத்தால் ஈரத்தூள் இன்னும் வேகமாகக் கட்டியாகும். பிளக்கைக் கழற்றி, பிளேட்டை எடுத்துவிட்டு, மூங்கில் குச்சியால் உள்ளே சுரண்டி எடுங்கள். மின்சாரம் இருக்கும்போது விரலை விடுவது கைவிரலை விலைக்குக் கொடுப்பதாகும். உறையின் பக்கத்து மூடி உடைந்தோ தொலைந்தோ இருந்தால் அதை முதலில் பொருத்துங்கள்.

பிளேட். மழுங்கிய பிளேட் மரத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தூள் மாவாகிறது, மரம் கருகுகிறது, மோட்டார் சூடேறுகிறது. பிளைவுட், மெலமைன் பலகைகளுக்கு 48 பல் பிளேட் நல்ல சுத்தமான வெட்டைத் தரும். அதே பிளேட்டால் தடித்த மரத்தை நார் ஓட்டத்தில் அறுத்தால் பல்லிடுக்கில் தூள் நிறைந்து வெளியேற வழியில்லாமல் திணறும். அதற்குப் பல் குறைந்த பிளேட் வேண்டும். பல்லில் ஒட்டிய பிசினை அவ்வப்போது சவர்க்கார நீரில் ஊறவைத்துத் தேய்த்துத் துடைத்தாலே பிளேட் பாதி புதிதாகிவிடும்.

சட்டத்தின் ரப்பர் ஓரம். வழிச்சட்டத்தின் வெட்டுப் பக்கத்தில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டி ஒட்டப்பட்டிருக்கும். அது மரம் சிதறாமல் காப்பதோடு, அந்தப் பக்கத்தால் தூசி வெளியேறாமலும் தடுக்கிறது. தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும்.

அறுக்கும் முறையில் உள்ள குறை

எல்லாப் பாகங்களும் சரியாக இருந்தும் தூசி பறந்தால் நம் கையைத்தான் பார்க்க வேண்டும். பிளேட்டின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுகின்றன. தூளை அவை உறைக்குள் தூக்கி எறிகின்றன. வெட்டின் இரு பக்கமும் மரம் இருக்கும்போது அந்த ஒடுங்கிய பள்ளமே தூளுக்கு ஒரு வாய்க்காலாக அமைகிறது. பலகையின் ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் சீவும்போது ஒரு பக்கச் சுவர் இல்லை. தூள் அந்தத் திறந்த பக்கத்தால் ஓடிவிடும். எவ்வளவு பெரிய உறிஞ்சியாலும் மணிக்கு 150 கிலோமீற்றரில் போகும் துகளைத் திருப்பி இழுக்க முடியாது. பரிகாரம் எளிது. அதே தடிப்புள்ள ஒரு கழிவுத் துண்டைப் பலகையின் ஓரத்தோடு ஒட்டி வைத்து இறுக்கிவிட்டு அறுங்கள். இல்லாத சுவரை நாமே கட்டிக் கொடுக்கிறோம்.

பிளேட் பலகையின் அடிப்புறத்தைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. இறங்கினால் போதும். ஆழத்தை அமைக்கும்போது சட்டத்தின் தடிப்பையும் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். அடியில் ஒரு பழைய பலகையை அல்லது தடித்த ரெஜிபோமைப் பரப்பி அறுத்தால் கீழ்ப்புறமும் மூடிவிடும். தூள் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

வாளை அவசரமாகத் தள்ளுவதும் தவறு, தயங்கித் தயங்கித் தள்ளுவதும் தவறு. மோட்டாரின் சத்தம் ஒரே சீராக இருக்கும் வேகமே சரியான வேகம். வெட்டு முடிந்ததும் உறிஞ்சியை உடனே நிறுத்தாமல் பத்து விநாடி ஓடவிடுங்கள். குழாயில் நிற்கும் தூள் பைக்குப் போய்ச் சேரட்டும்.

மின்சாரத்தையும் பாருங்கள்

லயத்திலிருந்து கம்பி இழுத்து வேலை செய்யும் இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. வாளுக்கு 1,200 வொட், உறிஞ்சிக்கு 1,000 வொட் என்றால் 230 வோல்ற்றில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். பழைய 5 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டுவது தீயை அழைப்பதாகும். 0.75 சதுர மி.மீ. மெல்லிய கம்பியை 25 மீற்றர் இழுத்தால் 12 வோல்ற் வழியிலேயே போய்விடும். கம்பியும் சூடேறும், உறிஞ்சியும் சோர்ந்துவிடும். 2.5 சதுர மி.மீ. கம்பியைப் பாவியுங்கள். சுருட்டி வைத்திருக்கும் கம்பியை முழுவதும் விரித்துவிடுங்கள். இரண்டு இயந்திரங்களையும் ஒரே கணத்தில் போடாமல் முதலில் உறிஞ்சியையும் பிறகு வாளையும் போடுங்கள்.

தொழிற்சாலை தரும் பாடம்

பை வாங்கியே கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு நம் தேயிலைத் தொழிற்சாலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து காற்றோடு பறக்கும் தேயிலைப் பஞ்சைப் பிடிக்கக் கூம்பு வடிவத்தில் ஒரு தகரப் பாத்திரம் சில தொழிற்சாலைகளில் பொருத்தியிருப்பார்கள். காற்று அதற்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். பாரமானவை சுவரில் மோதிக் கீழே இறங்கும். காற்று மட்டும் நடுவால் மேலே போகும். இதே தத்துவத்தில் செய்த சிறிய பிளாஸ்டிக் கூம்புகள் இப்போது விற்பனைக்கு உண்டு. அதை இறுகிய மூடியுள்ள ஒரு பெயின்ட் வாளியின் மேல் பொருத்தி, வாளுக்கும் உறிஞ்சிக்கும் நடுவில் வைத்தால் தூளில் பெரும்பகுதி வாளியிலேயே தங்கிவிடும். பையும் பில்டரும் நீண்ட நாள் வரும். ஆனால் மூடியில் சிறு ஓட்டையும் இருக்கக்கூடாது. மெல்லிய வாளி இழுப்பில் உள்நோக்கி நசுங்கிவிடும். கூம்பு பெருந்தூளைத்தான் பிடிக்கும், நுண்தூசிக்குப் பில்டர் வேண்டியதே.

செய்யக் கூடாதவை

பழைய லயத்தைப் பிரித்தெடுத்த மரத்தில் ஆணி இருக்கும். பிளேட் ஆணியில் பட்டால் தீப்பொறி குழாய் வழியாகப் பைக்குள் போய் மணிக்கணக்கில் புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். ஆணியை முதலில் பிடுங்குங்கள். மாலையில் வேலை முடிந்ததும் பையையும் வாளியையும் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள். இரவு நேரத்தில் லயத்தில் தீ பிடித்தால் ஒரு வீடு மட்டும் எரிவதில்லை.

கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸ் தகட்டை இந்த வாளால் ஒருபோதும் அறுக்காதீர்கள். அதன் நார்த்தூசி மரத்தூசியைவிடக் கொடியது. சாதாரணப் பையும் பில்டரும் அதைத் தடுக்காது. ஒருமுறை உறிஞ்சிய இயந்திரம் பிறகு எப்போதும் அதை வெளியே ஊதிக்கொண்டே இருக்கும்.

சேர்ந்த மரத்தூளைக் கோழிக்கூட்டுக்கும் தூள் அடுப்புக்கும் கொண்டுபோவது நம் வழக்கம். பச்சை மரத்தின் தூளானால் பிழையில்லை. பிளைவுட், எம்.டி.எப். போன்ற பசை சேர்த்த பலகைகள், பெயின்ட் பூசியவை, கறையான் மருந்து ஏற்றியவை ஆகியவற்றின் தூளை வீட்டுக்குள் எரிக்க வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம்.

உறிஞ்சி இல்லாதவர்கள்

எல்லோரிடமும் உறிஞ்சி இல்லை என்பதை நாம் அறிவோம். அப்படியானால் மழை இல்லாத நேரத்தில் வெளியே, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அறுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் சால்வையும் நுண்தூசியைத் தடுப்பதில்லை. 'என்95' அல்லது 'எப்.எப்.பி.2' என்று அச்சிட்ட முகமூடி வேண்டும். கொரோனாக் காலத்துக்குப் பின் அது எல்லோருக்கும் தெரிந்த பொருள். தாடிக்கு மேல் போட்டால் ஓரத்தால் காற்று நுழையும். உறிஞ்சி உள்ளவர்களுக்கும் இது வேண்டியதே. வேலை முடிந்ததும் உலர்ந்த விளக்குமாறால் கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். தூசி படிந்த சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

யார் பொறுப்பு?

இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளர் தூசியைச் சுவாசிக்காமல் காக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் இஸ்தோப்பில் தனியே வேலை செய்யும் இளைஞனுக்கு முதலாளி அவனேதான். பரிசோதகர் அங்கே வரப்போவதில்லை. ஆகவே அவனுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுப்பவர்களிடமும், கருவிகள் வாங்கிக் கொடுப்பவர்களிடமும் அந்தக் கடமை வந்து சேர்கிறது.

சுயதொழிலுக்கென்று இயந்திரம் வழங்கும் நிறுவனங்கள் வாளை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. உறிஞ்சி, சரியான அளவுக் குழாய், ஓராண்டுக்குத் தேவையான பை, ஒரு பெட்டி முகமூடி ஆகியவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பயிற்சி நிலையங்களில் நேராக அறுக்கக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் உள்ளங்கைச் சோதனையையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அருகருகே உள்ள நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கொட்டிலை, குடியிருப்பிலிருந்து சற்றுத் தள்ளி அமைத்துக்கொண்டால் ஒரு நல்ல உறிஞ்சியைப் பங்கிட்டுப் பாவிக்கலாம். மரண உதவிச் சங்கங்களையும் சீட்டையும் கட்டிக் காக்கத் தெரிந்த நம் மக்களுக்கு இது புதிய காரியமல்ல.

தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில் காலமெல்லாம் பஞ்சும் தூளும் சுவாசித்து, இருமிக்கொண்டே ஓய்வு பெற்ற முதியவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் புதிய தொழிலுக்குப் போகும்போது அந்தப் பழைய இருமலையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. நாளைக் காலையில் வாளைப் போடும் முன்பு பையைத் திறந்து பாருங்கள். குழாயின் நுனியில் கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.